முப்பத்து மூன்று அங்குலம்

1

எங்கள் வீட்டுக்கு வருகிற பெண்கள் ஹாலில் உட்கார மாட்டார்கள். நேராகக் கராஜுக்குப் போய்விடுவார்கள். கோயமுத்தூரிலிருந்து வந்த என் கிரைண்டர் அங்கேதான் குடியிருக்கிறது. அப்பா தன் பட்டறையிலேயே மோட்டாரைப் பிரித்து, இந்த ஊர் கரண்டுக்குத் தகுந்த மாதிரி சுற்றிக் கொடுத்தார். கல் என் பெட்டியில், டிரம் இவர் பெட்டியில் என்று பிரித்துக் கொண்டுவந்தோம். ஏர்போர்ட்டில் அந்தக் கல்லுக்கு விளக்கம் சொல்ல இவர் பட்ட பாடு தனிக் கதை. இன்றைக்கு டெக்சஸில் எங்கள் ரிச்சர்ட்சனில் சனிக்கிழமை காலை என்றால், ஊறவைத்த அரிசியோடு நாலு பேராவது வந்து நிற்கிறார்கள்.

போன சனிக்கிழமை, கலிபோர்னியாவில் சான் ரமோனிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த ஒரு பெண் மாவாட்ட வந்தாள். நல்ல உயரம். கிரைண்டர் நிற்கிற இரும்பு ஸ்டாண்டைத் தட்டிப் பார்த்தாள்.

"ஸ்டாண்ட் சூப்பரா இருக்கு ஆன்ட்டி. ஆனா ஏன் இவ்வளவு குள்ளமா பண்ணிட்டாங்க? குனிஞ்சு வழிக்கறதுக்குள்ள முதுகு போயிடுச்சு."

"குள்ளமா இல்லை கண்ணு. எனக்குச் சரியா இருக்கு" என்றேன்.

ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டோம் என்று நினைத்து அவள் பேச்சை மாற்றினாள். பாவம், அவள் தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஸ்டாண்டுக்கு அன்றைக்குத்தான் ஒரு வயது முடிந்திருந்தது. அதைச் செய்தவளுக்குப் பதினெட்டு. அதனால் இப்போது அந்தக் கதையை எழுதலாம்.

அவளுடைய உண்மைப் பெயரை இங்கே சொல்லக்கூடாது. "உன்னைப் பத்தி எங்க ஊர்க்காரங்களுக்கு எழுதட்டுமா? என்ன பேர் போடட்டும்?" என்று அவளிடமே கேட்டேன். அரை நிமிஷம் யோசித்தாள். "ரூபி. அந்த நீச்சல் குளத்து விஷயத்தை மட்டும் விட்டுடாதீங்க" என்றாள். அவள் பேசியதெல்லாம் டெக்சஸ் இங்கிலீஷ். இங்கே நம் பேச்சில் தருகிறேன்.

2

எனக்கு வாய்த்தது டிபென்டென்ட் விசா. சம்பளத்துக்கு வேலை பார்க்கக்கூடாது, சும்மா உழைத்தால் ஆட்சேபம் இல்லை. கல்யாணமான பெண்ணுக்கு இது ஒன்றும் புதுச் சட்டம் அல்ல. இவர் ஆபீசில், ரெண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் பைத்தியம் பிடித்துவிடும் என்று சொல்லி ராப்பகலாக உட்கார்ந்திருந்த காலம் அது. மகள் நித்யா மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். நான் லைப்ரரியில் பத்திரிகைகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அங்கே சுவரில் ஓர் அறிவிப்பு: குழந்தைகளுக்காகக் கோர்ட்டில் பேசத் தன்னார்வலர்கள் தேவை.

நம் ஊர் வாசகர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். பெற்றவர்களால் பார்த்துக்கொள்ள முடியாமல் போன பிள்ளைகளை இங்கே அரசாங்கமே எடுத்துக்கொள்கிறது. லைசென்ஸ் வாங்கிய வளர்ப்பு வீடுகளிலோ விடுதிகளிலோ அவர்களைத் தங்கவைக்கிறார்கள். பிள்ளைக்கு ஓர் அரசு அலுவலர் உண்டு. மேற்பார்வைக்கு ஒரு ஜட்ஜ் உண்டு. எங்கள் கோர்ட்டில் இதற்கு மேல், என்னைப் போல வெளியிலிருந்து வருகிற ஓர் ஆளையும் நியமிப்பார்கள். அந்த ஆள் பிள்ளையைப் போய்ப் பார்த்துப் பழகி, எது அதற்கு நல்லது என்று ஜட்ஜுக்கு எழுதிக்கொடுக்க வேண்டும்.

இவரிடம் சொன்னேன். "உனக்கு எதுக்கு கோர்ட்டு, கச்சேரி எல்லாம்?" என்றார்.

"ஏனுங்க, ஊர்ல எங்க பெரியப்பா எத்தனை பஞ்சாயத்துப் பண்ணியிருக்கார். அந்த ரத்தந்தானே" என்றேன். சிரித்துவிட்டு, விண்ணப்பத்தைப் பிரின்ட் எடுத்துக் கொடுத்தார்.

சில வாரம் பயிற்சி கொடுத்தார்கள். நான் விழுந்து விழுந்து குறிப்பெடுத்தேன். 'பிள்ளை சொல்வதைக் கேட்கவேண்டும்' என்பதை முதல் பக்கத்திலேயே எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டேன். பரீட்சைக்குப் படிக்கிற பெண்ணுக்கு அடிக்கோடு போட்டாலே பாடம் வந்துவிட்ட மாதிரி ஒரு திருப்தி. அந்தத் திருப்திதான் பிற்பாடு என்னைக் கவிழ்த்தது.

ரூபிக்கு அப்போது பதினாறு. அதற்குள் ஏழு வீடு மாறியிருந்தாள். பெரிய பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் இருந்தாள், கோடை விடுமுறையோடு அதையும் மூடப்போகிறார்கள். முதல் நாள் நான் பெயர் சொன்னேன்: விசாலாட்சி. அவள் வாயில் அது போகவில்லை. இந்த ஊர்ப் பிள்ளைகள் பெரியவர்களைப் பெயருக்கு முன்னால் மிஸ் போட்டுத்தான் கூப்பிடும். அப்படி நான் 'மிஸ் விசா' ஆனேன். டிபென்டென்டாக வந்து இறங்கியவளுக்கு இதைவிடப் பொருத்தமாக யார் பெயர் வைக்கப்போகிறார்கள்.

3

அவளுக்கு ஒரு வீடு கிடைத்தது. ஒரு மணி நேரம் வண்டி ஓட்டவேண்டிய தூரத்தில், புதிதாக முளைத்த ஊர். அரசு அலுவலர் கேரல் போனில் சொன்னபோது அவர் குரலிலேயே நிம்மதி தெரிந்தது. பதினாறு வயதுப் பெண்ணை எடுத்துக்கொள்ள ஆள் கிடைப்பது சுலபமில்லையாம். நான் வீட்டைப் பார்க்கக் கிளம்பினேன்.

இங்கேதான் எனக்குள்ளிருந்த கோயமுத்தூர் விழித்துக்கொண்டது. நம் பக்கத்தில் பெண்ணைக் கொடுப்பதற்கு முன்னால் பையன் வீட்டைப் பார்க்கப் போவார்கள் இல்லையா? எனக்காகப் பொள்ளாச்சிக்குப் போன பெரியப்பா சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்தாராம். மாட்டுக் கொட்டகையை எட்டிப் பார்த்தாராம். பக்கத்து டீக்கடையிலும் விசாரித்தாராம். திரும்பி வந்தபோது நான் காலேஜிலிருந்து வந்து சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போட்டுக்கொண்டிருந்தேன். "நல்ல இடம் சாமி. தண்ணிக்குப் பஞ்சமில்லை. பேசி முடிச்சாச்சு" என்றார். பார்க்கப் போனவர்களில் நான் மட்டும் இல்லை. இடம் உண்மையிலேயே நல்ல இடமாக அமைந்துவிட்டதால் இன்று வரைக்கும் யாரிடமும் சண்டைக்குப் போகவும் வழியில்லை.

நானும் அப்படியே செய்தேன். குழாயைத் திறந்தேன். அலமாரியின் ஆழத்தைப் பார்த்தேன். அனுமதி வாங்கிக்கொண்டு ஃபிரிட்ஜையும் திறந்தேன். அந்த வீட்டம்மா மிரண்டுபோய்ப் பின்னாலேயே வந்தார். மாட்டுக் கொட்டகைக்குப் பதில் இவர்கள் வீட்டில் பின்பக்கம் ஒரு நீச்சல் குளம். ரூபிக்குத் தனி அறை, ஜன்னல் ஓரம் மேஜை. அந்த ஊர் ஸ்கூல் பளிங்கு மாதிரி இருந்தது, ரெண்டு கம்ப்யூட்டர் லேப். வெளியே குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு போன பக்கத்து வீட்டுக்காரரிடமும் "எப்படிப்பட்டவங்க?" என்று கேட்டேன். அவர் வானிலையைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் விடுதிக்குப் போனேன். "ரூபி, நல்ல இடம். எல்லாம் பார்த்துட்டேன். தனி ரூம், நீச்சல் குளம். கவலையே படாதே" என்றேன்.

அவள் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். "ஓகே, மிஸ் விசா" என்றாள்.

ஏழு வீடு மாறிய பெண் சொல்கிற ஓகேக்கு என்ன பொருள் என்று எனக்கு அப்போது தெரியாது. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். ஆறு பக்க ரிப்போர்ட் எழுதினேன். குழாயில் தண்ணீர் வரும் வேகம் உட்பட எல்லாம் அதில் இருந்தது.

4

கோர்ட் என்றால் சினிமாவில் வருகிற மாதிரி மேஜையைத் தட்டுகிற இடம் அல்ல. சின்ன அறை. ஜட்ஜ் அறுபது வயதுப் பெண்மணி, கையில் காபி மக். நானும் கேரலும் ஒரு பக்கம், நடுவில் ரூபி. ஜட்ஜ் என் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"இந்த வீட்டைப் பத்தி நீ என்ன நினைக்கிறே, ரூபி?"

"அவளுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, யுவர் ஆனர்."

இதைச் சொன்னது நான்.

வேண்டுமென்று செய்யவில்லை. நம் வீட்டுக்கு யாராவது வந்து பிள்ளையிடம் "உம் பேர் என்ன கண்ணு? என்ன படிக்கிறே?" என்று கேட்பார்கள். பிள்ளை வாயைத் திறப்பதற்குள் அம்மா பெயரையும் வகுப்பையும் சொல்லி, "பாட்டு நல்லா பாடுவா" என்பதையும் சேர்த்துவிடுவாள். நானும் அப்படி வளர்ந்தவள்தான். அதற்கு முந்தைய தீபாவளி விருந்தில்கூட நித்யாவிடம் யாரோ கேட்டதற்கு நான் பதில் சொன்னேன். காரில் வரும்போது அவள், "அம்மா, அந்த ஆன்ட்டி ஆஸ்க்ட் மீ" என்றாள். "ஆமா, ஆமா, சீட் பெல்ட் போடு" என்றேன்.

ஜட்ஜ் கண்ணாடியைத் தாழ்த்திக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. "மேடம், உங்க ரிப்போர்ட்டைப் படிச்சுட்டேன். அக்கறையா எழுதியிருக்கீங்க. நான் இவளைக் கேட்டேன்."

காது மடல் வரைக்கும் எனக்குச் சுட்டது. ரூபி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஜீன்ஸ் பின்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். மடித்து மடித்து, மடிப்பெல்லாம் துணி மாதிரி ஆகியிருந்தது.

"யாராவது கேட்டா சொல்லலாம்னு எழுதி வெச்சேன். கிறிஸ்மஸுக்கு முன்னாடி எழுதினது" என்றாள். அது ஏப்ரல் மாதம். அத்தனை நாளில் வாராவாரம் அவளைப் போய்ப் பார்த்து, சாப்பிட்டாயா, தூங்கினாயா, ஹோம்வொர்க் முடித்தாயா என்று கேட்டுவிட்டு வந்தவள் நான். அந்தத் தாள் அவள் பையிலேயே இருந்திருக்கிறது.

அவள் படித்தாள். இப்போது படிக்கிற ஸ்கூலில் வெல்டிங் வகுப்பு இருக்கிறது, அதில் அவள்தான் முதல். இன்னும் ஒரு வருஷம் முடித்தால் சான்றிதழ் கிடைக்கும். அதை வைத்து வேலைக்குப் போகலாம். பதினெட்டு வயதில் விடுதியோ வளர்ப்பு வீடோ இல்லாமல் வெளியே நிற்கும்போது கையில் ஒரு தொழில் இருக்கவேண்டும். ஸ்கூல் பஸ் ஓட்டுகிற மிஸ் வாண்டா முன்பு பிள்ளைகளை எடுத்து வளர்த்தவர். அவரிடம் கேட்டுப் பார்த்ததில், அதிகாரிகள் ஒத்துக்கொண்டால் தனக்குச் சம்மதம் என்று சொல்லியிருக்கிறார்.

"அவங்க வீட்ல குளம் கிடையாது. எனக்கு நீச்சலும் தெரியாது" என்று தாளில் இல்லாததையும் சேர்த்து முடித்தாள்.

ஜட்ஜ் என் பக்கம் திரும்பினார். "நீங்க பார்த்த புது ஸ்கூல்ல வெல்டிங் இருக்கா?"

குழாய் தெரியும், அலமாரி தெரியும், பால் என்ன பிராண்ட் என்பதுகூடத் தெரியும். "தெரியலை, யுவர் ஆனர்" என்றேன். உட்காரலாம் என்றுதான் நினைத்தேன். ரூபி தாளைத் திரும்ப அதே மடிப்பில் மடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் உட்கார முடியவில்லை. அது மறுபடியும் அந்தப் பைக்குள் போய்விட்டால் இனி வெளியே வராது என்று பட்டது.

"யுவர் ஆனர், நான் வீட்டைத்தான் விசாரிச்சேன். இவளை விசாரிக்கலை. அந்த ரிப்போர்ட்டை நான் திரும்ப வாங்கிக்கலாமா?"

கேரல் பெருமூச்சு விட்டார். அவர் மேஜையில் இன்னும் எத்தனை பிள்ளைகளோ. ஜட்ஜ் மூன்று வாரம் டைம் கொடுத்தார். அதற்குள் அந்த நீச்சல் குளத்து வீடு வேறு பிள்ளைக்குப் போய்விடக்கூடும் என்பதையும் ரூபியிடமே சொன்னார். "அது தெரிஞ்சுதான் சொல்றியா?"

"தெரியும் மேடம்" என்றாள் ரூபி.

5

வெளியே பார்க்கிங் லாட்டில் வெயில் கொளுத்தியது. காரில் ஏறியதும் சொல்லிவிட்டேன். "ரூபி, நான் பண்ணினது தப்பு. உன்னைக் கேட்டிருக்கணும்." நம் ஊரில் பெரியவர்கள் சின்னவர்களிடம் இப்படிச் சொல்லி நான் பார்த்ததில்லை. அதனால் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

"பரவாயில்லை. ஃபிரிட்ஜை நிஜமாவே திறந்து பார்த்தீங்களா?" என்றாள்.

"திறந்தேன்."

அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். பெரியப்பா கதையை அப்படியே சொன்னேன், டீக்கடை உட்பட. என்னையும் மீறி அடுத்த கதையும் வந்துவிட்டது. ப்ளஸ் டூ முடித்ததும் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் சேரவேண்டும் என்று எனக்கு ஆசை. லேத் ஓடுகிற சத்தத்தில் வளர்ந்தவள் நான். பட்டறையில் வெல்டிங் பொறி பறப்பதைக் கதவு இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு, கண் எரிந்து திட்டு வாங்கியவள். அப்பா மறுக்கவே இல்லை. நான் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. விண்ணப்பப் பாரம் என் கைக்கு வந்தபோது பி.எஸ்ஸி. கணிதம் என்று அவர் கையெழுத்திலேயே நிரப்பியிருந்தது. அப்பா மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் வருத்தம் இருந்தது என்பதை அந்தக் காரில்தான் முதல்முதலாக வாய்விட்டுச் சொன்னேன்.

"உங்களுக்கும் ஒரு தாள் இருந்திருக்கணும்" என்றாள் ரூபி.

அடுத்த வாரம் மிஸ் வாண்டாவின் அபார்ட்மென்டுக்கு இருவருமாகப் போனோம். ரெண்டு பெட்ரூம், மூணு பூனை. ஏசி பழைய மோட்டார் பம்ப் மாதிரி இரைந்தது. உள்ளே நுழைந்ததும் ரூபி என்னைப் பார்த்துக் கண் சிமிட்டிவிட்டு, நேராகச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். மிஸ் வாண்டாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு ரூபி கேட்டாள்: என் அறைக் கதவைத் தாழ் போட்டுக்கொள்ளலாமா? நான் கோபமாக இருந்தால் எவ்வளவு நேரம் பேசாமல் விடுவீர்கள்? மிஸ் வாண்டாவும் பதிலுக்குக் கேட்டார்: காலையில் நாலரைக்கு எழுந்து நான் பாட்டுப் போடுவேன், தாங்குவாயா? என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. பூனையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாயை மூடிக்கொண்டிருப்பது எத்தனை கஷ்டமான வேலை என்று இவரிடம் அன்று மாலை சொன்னபோது, "எனக்குத் தெரியும்" என்றார்.

லைசென்ஸைப் புதுப்பிக்க ஏகப்பட்ட பாரம். கேரலே அலைந்து முடித்தார். அடுத்த வாய்தாவில், ரூபி எங்கே தங்குவது, என்ன படிப்பது என்று எழுதிய திட்டத்தாளில் ஜட்ஜ் கையெழுத்துக்குக் கீழே ரூபியும் கையெழுத்துப் போட்டாள். எல்லாம் சுபம் என்று சொல்லமாட்டேன். கணிதத்தில் அவள் ஃபெயில் ஆனாள். வெல்டிங் சான்றிதழுக்கு அதிலும் பாஸ் பண்ணவேண்டும். புதன்கிழமைதோறும் மிஸ் வாண்டா வீட்டுக்குப் போய் முக்கோணமும் கோணமும் சொல்லிக்கொடுத்தேன். அப்பா நிரப்பிய பாரத்துக்கும் ஒரு நாள் வேலை வந்தது.

வீட்டிலும் சூட்டோடு சூடாக ஒரு சீர்திருத்தம் செய்தேன். நித்யாவை உட்காரவைத்து, "பரதநாட்டியம், பியானோ, கணக்கு கிளாஸ் மூணுல உனக்கு எது பிடிக்குது? நீயே சொல்லு" என்றேன். பரதநாட்டியம் வேண்டாம் என்பாள், பெருந்தன்மையோடு விட்டுக்கொடுக்கலாம் என்று தயாராக இருந்தேன். "டான்ஸ் ஐ லவ். அதர் டூ, நோ தேங்க்ஸ்" என்றாள். பியானோ அப்போதுதான் வாங்கியிருந்தோம். இப்போது அதன் மேல் சாமி படங்கள் இருக்கின்றன.

6

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில், கிரைண்டர் வைத்திருந்த பழைய மேஜையின் கால் உடைந்தது. முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன மேஜை அது, இந்த ஊர் ஆட்களின் உயரத்துக்கு ஏற்றது. நான் ஒரு பால் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்றுதான் மாவு வழிப்பேன். ரெண்டு வருஷத்துக்கு மேல் அப்படித்தான். இவரிடம் சொல்லவேண்டும் என்றுகூடத் தோன்றியதில்லை.

விஷயம் கேள்விப்பட்டு ஒரு சனிக்கிழமை காலை ரூபி வந்தாள். மிஸ் வாண்டாவின் பிக்கப் வண்டி, பின்னால் இரும்புக் குழாய்கள், தலையில் வெல்டிங் தொப்பி. கிரைண்டரைச் சுற்றி வந்தாள். கல்லைத் தூக்கிப் பார்த்து விசில் அடித்தாள். கிரேட்டையும் பார்த்தாள். டேப்பை இழுத்துத் தரையில் ஊன்றினாள்.

"டிரம்மோட விளிம்பு எவ்வளவு உயரத்துல வேணும்?"

"எதுவானாலும் சரி கண்ணு. உனக்கு எப்படித் தோணுதோ அப்படிப் பண்ணு."

டேப்பைச் சட்டென்று உள்ளே விட்டாள். "நான் இதுல மாவாட்டப் போறதில்லை, மிஸ் விசா. இங்கே நிக்கப்போறது நீங்க. சொல்லுங்க."

இவர் செய்தித்தாளோடு கராஜ் கதவில் நின்றிருந்தார். உதவி செய்கிற உற்சாகத்தில் அங்கிருந்தே இங்கிலீஷில் சொன்னார்: "முப்பத்தாறு போடச் சொல்லு. இந்த ஊர் ஸ்டாண்டர்ட் ஹைட் அதுதான்."

ரூபி திரும்பக்கூட இல்லை. மரியாதையாகத்தான் சொன்னாள்.

"நான் இவங்களைக் கேட்டேன், சார்."

இவர் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். சிரிக்கிறார் என்று தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரூபி டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவசரப்படுத்தவில்லை. பதில் வரும்வரைக்கும் காத்திருப்பது எப்படி என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

நான் கிரேட்டைக் காலால் தள்ளிவிட்டு வெறும் தரையில் நின்றேன். முழங்கையை மடக்கி, டிரம்முக்குள் கை விட்டு மாவு வழிப்பது போலச் செய்து பார்த்தேன். இன்னொரு தடவையும் செய்து பார்த்தேன்.

"முப்பத்து நாலு" என்றேன்.

பலகையில் சாக்பீஸால் எழுதிக்கொண்டாள். குழாயை எடுக்கக் குனிந்தாள்.

"இல்லை, ரூபி. முப்பத்து மூணு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நிச்சயமா?"

"நிச்சயமா."

முப்பத்து நாலை அழித்துவிட்டு முப்பத்து மூணு என்று எழுதினாள்.